தேநீரில் இடும் சிறு மாத்திரை: செயற்கை இனிப்பூட்டிகளை நம்பலாமா?

எங்கள் நீரிழிவுப் புறநோயாளிகள் பிரிவிற்குச் சில மாதங்களுக்கு முன் பெரியவர் ஒருவர் தம் மருமகளுடன் வந்தார். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகிலுள்ள சிற்றூரைச் சேர்ந்தவர். பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். மருந்துகளை நேரந்தவறாமல் உட்கொள்பவர். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு அவருக்கு நெடுநாளாக 7.2 விழுக்காட்டை ஒட்டியே இருந்து வந்தது. அம்முறை அது 8.9 ஆக உயர்ந்திருந்தது. மருந்து மாறவில்லை; காய்ச்சலோ வேறு தொற்றோ இல்லை. காரணம் என்னவென்று விசாரித்தோம்.

"டாக்டர், மாமா ஆறு மாசமா அந்த சுகர் ஃப்ரீ மாத்திரையைத் தொடுறதே இல்லை. அதில் கேன்சர் வரும்னு ஃபோன்ல யாரோ அனுப்பின செய்தியைப் பார்த்துட்டாங்க. இப்போ எல்லாமே நாட்டுச்சர்க்கரைதான். டீக்கும் அதுதான், வாரத்துக்கு ரெண்டு தடவை பணியாரத்துக்கும் அதுதான்" என்றார் மருமகள்.

பெரியவர் தயங்காமல் சொன்னார்: "சர்க்கரை நோயோட பன்னிரண்டு வருஷம் இருந்துட்டேன் டாக்டர். இன்னும் இருந்துக்குவேன். புற்றுநோயோட இருக்க முடியாது."

அவருடைய அச்சத்தை நாங்கள் எள்ளளவும் இகழவில்லை. நாள்தோறும் வாயில் இடும் ஒரு பொருள் நஞ்சா மருந்தா என்று கேட்பது ஒவ்வொருவரின் உரிமை. ஆனால் அந்த ஒரு கேள்விக்குச் சரியான விடை கிடைக்காததால், அவருடைய கண்களும் சிறுநீரகங்களும் ஆறு மாதங்கள் தேவையற்ற சுமையைச் சுமந்தன. அதனால்தான் இவ்விதழில் செயற்கை இனிப்பூட்டிகளைப் பற்றி விரிவாக எழுத முற்பட்டோம்.

இவை யாவை?

சர்க்கரையைவிடப் பன்மடங்கு இனிப்பும், கணக்கில் கொள்ளத் தேவையில்லாத அளவு சிறிய கலோரியும் உடையவை செயற்கை இனிப்பூட்டிகள். அஸ்பார்டேம் சர்க்கரையைப் போல ஏறத்தாழ 200 மடங்கு இனிப்புடையது. சுக்ரலோஸ் ஏறத்தாழ 600 மடங்கு. சாக்கரின், அசிசல்பேம் பொட்டாசியம், நியோடேம் ஆகியவையும் இவ்வகையின. சீனித்துளசி எனப்படும் ஸ்டீவியா இலையிலிருந்து பிரித்தெடுக்கும் இனிப்பு தாவரத்திலிருந்து வருவது. எனினும் பயன்பாட்டில் இவற்றோடு சேர்த்தே எண்ணப்படுகிறது.

இவற்றுள் சுக்ரலோஸின் பிறப்பில் ஓர் இந்தியருக்குப் பங்குண்டு. 1976ஆம் ஆண்டு லண்டன் குயின் எலிசபெத் கல்லூரியில் ஆய்வு செய்துகொண்டிருந்த சசிகாந்த் பட்னிஸ் என்பவரிடம், சர்க்கரையோடு குளோரினைச் சேர்த்து உண்டாக்கிய ஒரு பொருளைச் சோதிக்குமாறு பேராசிரியர் லெஸ்லி ஹக் கூறினார். 'டெஸ்ட்' என்ற சொல் 'டேஸ்ட்' என்று காதில் விழ, பட்னிஸ் அதை நாவில் வைத்துப் பார்த்துவிட்டார் என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. நாம் உண்ணும் சுக்ரலோஸின் பெரும்பகுதி குடலில் உறிஞ்சப்படாமலேயே மலத்தோடு வெளியேறிவிடுகிறது. அஸ்பார்டேமோ குடலிலேயே சிதைந்து இரு அமினோ அமிலங்களாகவும் மிகச் சிறிதளவு மெத்தனாலாகவும் பிரிகிறது. மெத்தனால் என்றவுடன் அஞ்ச வேண்டியதில்லை. பழச்சாறுகளிலும் தக்காளிச் சாற்றிலும் இயல்பாகவே அது சிறிதளவு உண்டு.

அச்சத்தின் வரலாறு

இனிப்பூட்டிகளைப் பற்றிய அச்சம் கைபேசிக் காலத்தில் பிறந்ததன்று. 1879ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட சாக்கரின், சர்க்கரைத் தட்டுப்பாடு நிலவிய உலகப் போர்க் காலங்களில் பெரிதும் பயன்பட்டது. 1970களில், மிகுந்த அளவில் சாக்கரின் ஊட்டப்பட்ட ஆண் எலிகளின் சிறுநீர்ப்பையில் கட்டிகள் உண்டாயின. 1977இல் கனடா அதை உணவுச் சேர்க்கைப் பொருளாகப் பயன்படுத்தத் தடை விதித்தது. அமெரிக்காவில் தடை முன்மொழியப்பட்டு, பின்னர் அதற்குப் பதிலாக எச்சரிக்கை வாசகம் மட்டும் கட்டாயமாக்கப்பட்டது.

அதன்பின் நடந்தது பலருக்குத் தெரியாது. அக்கட்டிகள் எதனால் உண்டாயின என்று ஆய்வாளர்கள் தொடர்ந்து தேடினர். எலியின் சிறுநீரில் உள்ள சிறப்பான வேதியியல் அமைப்பினால், மிகுந்த சாக்கரின் சேரும்போது நுண்ணிய படிகங்கள் உருவாகிச் சிறுநீர்ப்பையின் உட்சுவரை உறுத்துகின்றன; அந்த உறுத்தலே கட்டிக்கு வித்தாகிறது. மனிதரின் சிறுநீரில் அவ்வாறு நிகழ்வதில்லை. எனவே 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலிலிருந்து சாக்கரின் நீக்கப்பட்டது. எச்சரிக்கை வாசகமும் அகற்றப்பட்டது. எச்சரிக்கை ஊரெங்கும் பரவியது. அது திரும்பப் பெறப்பட்ட செய்தி அந்த அளவிற்குப் பரவவில்லை. அச்சத்தின் இயல்பு அத்தகையது.

2023இல் வெளியான இரண்டு அறிவிப்புகள்

பெரியவரின் கைபேசிக்கு வந்த செய்தி முழுப் பொய்யன்று. 2023ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று, உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அஸ்பார்டேமை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்னும் 2பி பிரிவில் சேர்த்தது. செய்தியின் இப்பகுதி மட்டுமே பலரைச் சென்றடைந்தது.

இங்கு ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு பொருளால் புற்றுநோய் வர இயலுமா என்பதற்கான சான்று எவ்வளவு வலுவானது என்பதையே அம்முகமை ஆராய்கிறது. எவ்வளவு உண்டால் எவ்வளவு ஆபத்து என்பதை அது கணக்கிடுவதில்லை. 2பி என்பது, சான்று குறைவாகவே உள்ளது, மேலும் ஆராய வேண்டும் என்பதைக் குறிக்கும் பிரிவு. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் உள்ளது. புகையிலையும் மதுவும் உறுதியான சான்றுள்ள முதற்பிரிவில் உள்ளன. எனவே 'அஸ்பார்டேமும் சிகரெட்டும் ஒன்று' என்று சொல்லும் செய்திகள் இவ்விரு பிரிவுகளையும் குழப்புகின்றன.

'எவ்வளவு உண்ணலாம்' என்ற கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு, உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான கூட்டு வல்லுநர் குழுவினுடையது. அதே நாளில் அக்குழுவும் தன் முடிவை வெளியிட்டது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றக் காரணம் ஏதும் இல்லை என்பதே அம்முடிவு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 2,400 மில்லிகிராம் ஆகும். தேநீரில் இடும் சிறு மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 18 முதல் 20 மில்லிகிராம் அஸ்பார்டேம் இருக்கும். நாள்தோறும் நூறு மாத்திரைகளுக்கு மேல் விழுங்கினால்தான் அந்த வரம்பைத் தாண்ட இயலும். நம் பெரியவர் ஒரு நாளைக்கு நான்கு மாத்திரைகளைப் பயன்படுத்தி வந்தார்.

அவ்வாண்டு மே மாதத்தில் வேறோர் அறிவிப்பும் வந்தது. உடல் எடையைக் கட்டுப்படுத்தவோ, நீரிழிவு, இதய நோய் போன்றவற்றைத் தடுக்கவோ செயற்கை இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இவற்றால் நீண்டகாலத்தில் எடை குறைவதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. அந்த வழிகாட்டுதலிலேயே இன்னொரு வரியும் உண்டு: ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இப்பரிந்துரை பொருந்தாது. யாருக்காக எழுதப்படவில்லையோ அவர்களே அதைப் படித்து மிகுதியாக அஞ்சினார்கள்.

சென்னையில் நடந்த ஆய்வு

இத்தகைய ஆய்வுகளில் பெரும்பாலானவை மேலை நாடுகளில், குளிர்பானம் அருந்துவோரிடையே நடந்தவை. நம் வழக்கம் வேறு. நமக்கு இனிப்பூட்டி என்றால் காலையும் மாலையும் அருந்தும் காபி, தேநீரில் இடும் மாத்திரையோ பொடியோதான். இதைக் கருத்திற்கொண்டு, டாக்டர் வி. மோகன் தலைமையிலான சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஓர் ஆய்வை நடத்தி 2024இல் வெளியிட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் காபி, தேநீரில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸைப் பயன்படுத்தினர். மற்றக் குழுவினர் வழக்கம்போலச் சர்க்கரையையே பயன்படுத்தினர். உணவு, உடற்பயிற்சி, மருந்து ஆகியவற்றில் மாற்றம் இல்லை. இவ்வாறு 12 வாரங்கள் கடந்தன.

இரு குழுக்களுக்கும் இடையே ஹெச்பிஏ1சி அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சுக்ரலோஸ் பயன்படுத்தியவர்களின் எடை சராசரியாக 0.3 கிலோவும், இடுப்புச் சுற்றளவு 0.9 சென்டிமீட்டரும் குறைந்திருந்தன.

இந்த முடிவிலிருந்து இரண்டு பாடங்களைக் கற்கிறோம். ஒன்று, தேநீரில் அளவோடு இடும் சுக்ரலோஸ் அந்த 12 வாரங்களில் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுக்கவில்லை. மற்றொன்று, அது பெருநன்மை எதையும் செய்துவிடவும் இல்லை. பன்னிரண்டு வாரம் என்பது குறுகிய காலம் என்பதையும் மறக்கலாகாது. பல ஆண்டுப் பயன்பாட்டைப் பற்றி அது ஏதும் கூறுவதில்லை.

தேநீரில் சர்க்கரையை நிறுத்தியும் ஹெச்பிஏ1சி ஏன் குறையவில்லை என்று கேட்கலாம். நம் தட்டைப் பார்த்தால் விடை தெரியும். இந்தியர்கள் சராசரியாகத் தம் கலோரிகளில் 62 விழுக்காட்டை மாவுச்சத்திலிருந்தே பெறுகின்றனர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடளாவிய ஆய்வு காட்டுகிறது. காலையில் இட்லி, நண்பகலில் ஒரு தட்டுச் சோறு, இரவில் தோசை என்று உண்ணும்போது, தேநீர்ச் சர்க்கரை அந்தக் கணக்கில் ஒரு சிறு பகுதியே. சோற்றின் அளவைத் தொடாமல் தேநீரை மட்டும் மாற்றுவது, ஒழுகும் கூரையின் ஓர் ஓட்டை மட்டும் மாற்றுவது போன்றது.

இன்னும் முடிவு காணப்படாத கேள்விகள்

ஐயங்கள் அனைத்தும் தீர்ந்துவிட்டன என்று கூறினால் அது நேர்மையாகாது. பிரான்சு நாட்டில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, செயற்கை இனிப்பூட்டிகளை மிகுதியாக உட்கொள்வோரிடையே இதய நோயும் பக்கவாதமும் சற்று மிகுதியாகக் காணப்படுவதாக 2022இல் தெரிவித்தது. அதே ஆண்டில் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவன ஆய்வாளர்கள், சாக்கரினும் சுக்ரலோஸும் சிலருடைய குடல் நுண்ணுயிர்களை மாற்றி, சர்க்கரையைக் கையாளும் திறனைப் பாதிப்பதைக் கண்டனர். அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் 2023இல் எரித்ரிட்டால் என்னும் இனிப்பையும், 2024இல் சைலிட்டாலையும், இரத்தம் உறையும் தன்மையோடு தொடர்புபடுத்தியது.

இவற்றைப் படிக்கையில் ஒரு நுணுக்கத்தை நினைவிற்கொள்ள வேண்டும். செயற்கை இனிப்பை யார் மிகுதியாகப் பயன்படுத்துகிறார்கள்? ஏற்கெனவே எடை மிகுந்தவர்களும், சர்க்கரை ஏறத் தொடங்கியவர்களும், இதய நோய்க்கு அஞ்சுபவர்களுமே. குடை பிடித்தவர்கள் அனைவரும் நனைந்திருப்பதைப் பார்த்து, குடையால்தான் மழை வந்தது என்று முடிவு செய்ய முடியாது. ஆய்வாளர்கள் இதற்கான திருத்தங்களைக் கணக்கில் சேர்க்கிறார்கள். எனினும் ஐயம் முழுதும் நீங்குவதில்லை. ஆகவே 'ஆபத்து உறுதி' என்றும் கூற இயலாது. 'ஆபத்தே இல்லை' என்றும் கூற இயலாது. இத்தகைய நிலையில் மருத்துவம் காட்டும் வழி அளவோடு இருத்தலே.

நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன்

எங்கள் பெரியவர் செய்த தவறு மாத்திரையை நிறுத்தியதன்று. நிறுத்தியவர் சர்க்கரையில்லாத் தேநீருக்குப் பழகியிருந்தால் நாங்கள் பாராட்டியிருப்போம். 'இயற்கையானது கெடுதி செய்யாது' என்ற நம்பிக்கையில் நாட்டுச்சர்க்கரைக்கு மாறியதே தவறு.

நாட்டுச்சர்க்கரையும் வெல்லமும் கரும்பிலிருந்து வருபவை. கருப்பட்டி பனையிலிருந்து வருவது. மூன்றிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் உள்ள அதே சுக்ரோஸ்தான். அவற்றில் இரும்பு முதலிய தாதுக்கள் சிறிதளவு உண்டு. ஆனால் அவற்றுக்காக உண்ணும் சர்க்கரையின் அளவோடு ஒப்பிட்டால் அந்நன்மை மிகச் சிறிது. தேனில் குளுக்கோஸும் பிரக்டோஸும் பிரிந்தே உள்ளன. இவை அனைத்தும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும்.

ஒரு சிறு கணக்கு. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். நாளொன்றுக்கு நான்கு தேநீர், தேநீருக்கு இரண்டு கரண்டி என்றால் 40 கிராம், மாதத்திற்கு 1.2 கிலோ. ஒருவர் நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் சேர்ப்புச் சர்க்கரையை நிறுத்திக்கொள்வது மேலும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. தேநீர் மட்டுமே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. பெரியவரின் வீட்டிலோ தேநீரோடு நிற்கவில்லை. நாட்டுச்சர்க்கரை என்ற பெயரால் பணியாரமும் இனிப்புக் கொழுக்கட்டையும் தடையின்றி உள்ளே வந்தன. அவரது ஹெச்பிஏ1சியை உயர்த்தியது தேநீர் மட்டுமன்று. 'இது பரவாயில்லை' என்று தளர்ந்த மனமும்தான்.

அட்டையைப் படிக்கும் முறை

'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்று எழுதப்பட்ட பிஸ்கட்டிலும் மைதா இருக்கும். 'சுகர் ஃப்ரீ' இனிப்புப் பலகாரங்களில் நெய்யும் கோவாவும் மாவும் குறைவதில்லை. எனவே முகப்பு எழுத்தை விட்டுவிட்டு, பின்புறத்தில் உள்ள சேர்க்கைப் பொருள்களின் பட்டியலைப் படிக்க வேண்டும். இனிப்பூட்டிகள் அங்கே பெரும்பாலும் எண்களாகவே இருக்கும்: 950 என்பது அசிசல்பேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 961 நியோடேம். 420 சார்பிட்டால், 965 மால்டிட்டால், 967 சைலிட்டால், 968 எரித்ரிட்டால் ஆகியவை வேறு வகை. சார்பிட்டாலையும் மால்டிட்டாலையும் மிகுதியாக உண்டால் வயிறு உப்புசமும் வயிற்றுப்போக்கும் ஏற்படும். மால்டிட்டால் இரத்தச் சர்க்கரையையும் ஓரளவு உயர்த்தும்.

சூடு குறித்தும் ஒரு சொல். அஸ்பார்டேம் நெடுநேரம் கொதித்தால் இனிப்பை இழந்துவிடும். எனவே அடுப்பிலிருந்து இறக்கிய பின் சேர்க்க வேண்டும். சுக்ரலோஸ் தேநீரின் சூட்டைத் தாங்கும். ஆனால் 120 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் தீங்கு தரக்கூடிய குளோரின் சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் 2019இல் எச்சரித்துள்ளது. ஆகவே அடுமனைப் பண்டங்களுக்கும் எண்ணெயில் பொரிப்பவற்றுக்கும் இதைப் பயன்படுத்த வேண்டாம்.

யார் தவிர்க்க வேண்டும்?

பீனைல்கீட்டோனூரியா என்னும் அரிய பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமை அறவே தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்கு இவ்வினிப்பூட்டிகளைப் பழக்க வேண்டாம். இனிப்பின் மீதான நாட்டத்தை இளமையிலேயே வளர்ப்பதாக அது முடியும். கருவுற்ற தாய்மார்கள் சாக்கரினைத் தவிர்ப்பது நலம்; அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடையும். கருவுற்ற காலத்தில் நீரிழிவு கண்டவர்கள் வேறெந்த இனிப்பூட்டியையும் தம் மகப்பேறு மருத்துவரைக் கேட்ட பின்னரே பயன்படுத்த வேண்டும். நீரிழிவு இல்லாதவர்கள், எடை குறையும் என்று எண்ணி இதைத் தொடங்கத் தேவையில்லை.

உயிர் காக்கும் ஒரு வேறுபாடு

இக்கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இப்பகுதியை மறக்க வேண்டாம் என்று குடும்பத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் தாயார் ஒருவர் ஒரு நாள் காலை உணவு தாமதமானதால் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினார். சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்பதை மகன் சரியாகவே கண்டுகொண்டார். உடனே இனிப்பான தேநீர் கலந்து கொடுத்தார். ஆனால் அந்த வீட்டில் பழக்கத்தால் கைக்கு எட்டியது இனிப்பூட்டி டப்பாதான். தாயார் இரண்டு குவளை குடித்தும் தெளியவில்லை. எங்கள் அவசரப் பிரிவிற்குள் வரும்போது அவரது இரத்தச் சர்க்கரை 38. நல்வேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

நாவிற்கு இனிப்பது வேறு. மூளைக்கு உணவாவது வேறு. செயற்கை இனிப்பூட்டி நாவை மட்டுமே ஏமாற்றும். தாழ்ந்த சர்க்கரையை ஓர் எண்கூட உயர்த்தாது. 'டயட்' குளிர்பானங்களும் அவ்வாறே.

இரத்தச் சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலோ, வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியவை தோன்றினாலோ, உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடியையோ சர்க்கரையையோ நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதியுங்கள். உயரவில்லை என்றால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்தபின் இட்லியோ சோறோ உண்ணச் செய்யுங்கள். வோக்லிபோஸ், அகார்போஸ் ஆகிய மருந்துகளை உட்கொள்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரை விரைந்து பயன்தராது. அம்மருந்துகள் சர்க்கரை செரிப்பதையே தாமதப்படுத்துகின்றன. அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடி கட்டாயம் இருக்க வேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள்.

எங்கள் பரிந்துரை

நீரிழிவு உள்ள ஒருவர் நாளொன்றுக்கு இரண்டு மூன்று குவளைத் தேநீரில் அளவோடு இனிப்பூட்டியைப் பயன்படுத்துவதால் அஞ்சத்தக்க தீங்கு ஏற்படும் என்பதற்கு இன்று வலுவான சான்று இல்லை. அதே தேநீரில் வெள்ளைச் சர்க்கரையோ நாட்டுச்சர்க்கரையோ நாள்தோறும் இடுவதை நாங்கள் ஏற்பதில்லை. இரண்டையும்விட மேலானது, இனிப்பின் அளவையே சிறிது சிறிதாகக் குறைப்பது. வாரந்தோறும் அரைக்கரண்டி குறைத்து வந்தால், சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். ஜிஎஸ்டி சாலையோரக் கடைகளில் பணிமுறைக்கு இடையே தேநீர் அருந்தும் தொழிலாளத் தோழர்கள் பலர் 'சர்க்கரை வேண்டாம்' என்று சொல்லிப் பழகிவிட்டதை எங்களிடம் மகிழ்வோடு தெரிவித்துள்ளனர். இனிப்பூட்டியை ஊன்றுகோலாகக் கொள்ளுங்கள். நடை பழகியபின் கீழே வைத்துவிடலாம்.

நாடளாவிய அளவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் அது வயது வந்தோரில் 14.4 விழுக்காடு. இத்தனை குடும்பங்களின் அடுக்களையில் எழும் கேள்வி இது. கைபேசியில் வரும் செய்தியைக் கண்டு மருந்தையோ உணவு முறையையோ மாற்றுவதற்கு முன், அந்தச் செய்தியையே எங்களிடம் கொண்டு வந்து காட்டுங்கள். எத்தனை முறை கேட்டாலும் நாங்கள் சலித்துக்கொள்ள மாட்டோம்.

பெரியவர் இப்போது காலையில் ஒரு தேநீரை இனிப்பூட்டியோடும், மாலையில் ஒன்றை எதுவும் சேர்க்காமலும் அருந்துகிறார். நண்பகல் சோற்றில் ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையும் அவரைக்காய்ப் பொரியலும் சேர்த்துக்கொண்டிருக்கிறார். நரசிம்மர் கோவில் சர்க்கரைப் பொங்கலை விட முடியாது என்று உறுதியாகக் கூறிவிட்டார். ஒரு சிறு கரண்டி அளவிற்கு இசைந்தோம். சென்ற மாதம் அவரது ஹெச்பிஏ1சி 7.6. இன்னும் சற்று இறங்க வேண்டும். அடுத்த முறை வரும்போது, வீட்டில் பயன்படுத்தும் இனிப்பூட்டி டப்பாவையும் பிஸ்கட் உறையையும் கையோடு எடுத்து வருமாறு மருமகளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறோம். நீங்களும் அவ்வாறே எடுத்து வாருங்கள். அட்டையைச் சேர்ந்தே படிப்போம்.